மக்காச்சோளத்தில் பூச்சிகள்: ஆபத்துக் குறைந்த மருந்துகளை எப்போது, எப்படி அடிப்பது?

மக்காச்சோளம் முளைத்த முதல் வாரத்திலிருந்து கதிர் முற்றும் வரை திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. பாதிக்கு மேல் படைப்புழுவைப் பற்றியவைதான். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான அது 2016-ல் ஆப்பிரிக்காவிலும் 2018-ல் ஆசியாவிலும் கண்டறியப்பட்ட பிறகு, மக்காச்சோளத்தில் மருந்தடிப்பது என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அந்தப் புழுதான். கீழே உள்ள அளவுகள் பரவலாகப் புழங்கும் மருந்து வடிவங்களுக்கானவை. உங்கள் நாட்டில் மக்காச்சோளத்துக்குப் பதிவு பெற்ற மருந்தைத்தான் அடிக்க வேண்டும். இங்குள்ள அளவும் டப்பா லேபிளில் உள்ள அளவும் வேறுபட்டால் லேபிளைப் பின்பற்றுங்கள்.

ஆபத்துக் குறைந்த மருந்து என்றால் விஷமே இல்லாததா?

இல்லை. பூச்சியைக் கொல்லும் எதுவும் எதற்காவது விஷம்தான். உலக சுகாதார நிறுவனம் பூச்சிமருந்துகளை மனிதருக்கு உடனடியாக ஏற்படும் நச்சின்படி வகைப்படுத்துகிறது. மோனோகுரோட்டோபாஸ், மெத்தோமில், கார்போபியூரான் போன்றவை ‘மிகுந்த ஆபத்து’ வகையில் வருகின்றன. குளோரான்ட்ரானிலிப்ரோல், ஸ்பினிடோரம் ஆகியவை சரியாகப் பயன்படுத்தினால் உடனடி ஆபத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்ற கடைசி வகையில் உள்ளன. பி.டி. எனப்படும் பாக்டீரிய மருந்து, படைப்புழுவுக்கு நோய் தரும் என்.பி.வி. வைரஸ், பியூவேரியா, மெட்டாரைசியம் பூஞ்சைகள், வேம்பின் அசாடிராக்டின் ஆகியவை இன்னும் மென்மையானவை.

எமாமெக்டின் பென்சோயேட் நடுவில் நிற்கிறது. கிராம் கணக்கில் போடுவதால் லேசான மருந்து என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அடர்த்தியான நிலையில் அது நரம்பைத் தாக்கும், தேனீக்கும் ஆகாது. பழைய பாஸ்பரஸ் மருந்துகளோடு ஒப்பிட்டால் தேவலை, அவ்வளவுதான்.

வயலில் இருப்பது எந்தப் புழு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இலையில் உள்ள ஓட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குருத்தை விரித்துப் பாருங்கள். படைப்புழுவாக இருந்தால் நடுவில் ஈரமான மரத்தூள் போல எச்சம் குவிந்திருக்கும். அதை விரலால் தள்ளினால் அடியில் புழு சுருண்டு கிடக்கும். தலையில் வெளிர்நிறத்தில் தலைகீழாக எழுதிய ‘ஒய்’ எழுத்து போன்ற கோடும், வால் பக்கம் கடைசிக்கு முந்தைய கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் சந்தேகமில்லை. புழு இரண்டு முறை தோலுரித்து மூன்றாம் நிலைக்கு வரும் முன்னால் இந்த அடையாளம் தெளிவாகத் தெரியாது. அதுவரை இலைதான் சாட்சி. ஒருபுறம் சுரண்டப்பட்டு, மறுபுறத் தோல் மட்டும் மிஞ்சி, வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல் சிறுசிறு திட்டுகள் தெரியும்.

தண்டுத்துளைப்பானின் சேதம் வேறு மாதிரி. குருத்து சுருண்டிருந்தபோது ஒரே கடியில் பல அடுக்குகளைத் துளைத்திருப்பதால், இலை விரியும்போது குறுக்கே ஒரே வரிசையில் ஊசித் துளைகள் தெரியும். பிறகு நடுக்குருத்து காயும். இழுத்தால் கையோடு வந்துவிடும். முளைத்த இரண்டு மூன்று வாரத்துக்குள், இலையில் துளை எதுவும் இல்லாமல் நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் அடியில் அழுகிய வாடையும் கால்களற்ற வெள்ளைப் புழுவும் இருந்தால் அது குருத்து ஈ.

இந்த வேறுபாடு பார்த்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். குருத்து காய்ந்த செடிக்கு எந்த மருந்தும் உயிர் கொடுக்காது.

ஓட்டை தெரிந்த அன்றே அடித்துவிடலாமா?

எண்ணிவிட்டு அடியுங்கள். முளைத்த ஒரு வாரத்திலிருந்து வாரம் இருமுறை, காலையில், வயலுக்குள் கோணல்மாணலாக நடந்து ஐந்து இடங்களில் நில்லுங்கள். வரப்போரச் செடிகளைத் தவிர்த்து ஒவ்வொரு இடத்திலும் தொடர்ச்சியாக 20 செடிகள், மொத்தம் 100. மேலே உள்ள இரண்டு மூன்று இளம் இலைகளில் புதுச் சேதமோ, குருத்தில் ஈர எச்சமோ இருந்தால்தான் அந்தச் செடி கணக்கில் சேரும். கீழ் இலைகளில் உள்ள பழைய ஓட்டைகளைச் சேர்த்தால் கணக்கு வீங்கும்; வீண் செலவு வரும்.

நாற்றுப் பருவத்தில் 100-க்கு 5, நான்காம் வாரம் வரை 10, ஐந்து முதல் ஏழாம் வாரம் வரை 20 செடிகள் என்பது கடுமையான அளவுகோல். வேறு சில வழிகாட்டிகள் இளம் குருத்துப் பருவத்துக்கு 20, பிந்திய குருத்துப் பருவத்துக்கு 40 வரை பொறுக்கச் சொல்கின்றன. வித்தியாசம் பெரிதுதான். வேம்பு, பி.டி. போன்றவற்றை நம்பி இறங்குபவர்கள் கடுமையான அளவையே எடுத்துக்கொள்வது நல்லது. அந்த மருந்துகள் சின்னப் புழுவுக்குத்தான் வேலை செய்யும். 40 செடி வரை காத்திருந்தால் அவற்றின் காலம் கடந்துவிடும். நீர், உரம் குறைவில்லாமல் வளரும் மக்காச்சோளம் இலைச் சேதத்தைக் கணிசமாக ஈடுகட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பார்வைக்குக் கந்தலாகத் தெரியும் வயல் விளைச்சலில் அவ்வளவு இழப்பதில்லை.

இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு ஐந்து, முளைக்கும் முன்பே வைத்தால் தாய் அந்துப்பூச்சியின் வருகை முன்கூட்டித் தெரியும். பொறியில் விழுவது ஆண் மட்டும். அதனால் சேதம் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். அது மணி அடிக்கும் வேலையை மட்டும் செய்கிறது.

எந்தப் பருவத்தில் எந்த மருந்து?

மருந்தின் பெயரைவிடப் புழுவின் வயதுதான் முக்கியம். வெயில் காலத்தில் முட்டை 2 முதல் 3 நாளில் பொரிக்கும். ஆறு நிலைகள் கொண்ட புழுப்பருவம் 14 முதல் 22 நாள். அது தின்னும் இலையில் மிகப் பெரும்பகுதியைக் கடைசி இரண்டு நிலைகளில்தான் தின்கிறது. நீங்கள் ‘நேற்று ராத்திரி திடீரென்று வந்துவிட்டது’ என்று சொல்லும் புழு, பத்து நாளாக அங்கேயே இருந்தது. முதல் பத்து நாளில் அதைப் பிடித்தால் மென்மையான மருந்தே போதும்.

முட்டைக்குவியல்களும் காகிதத் திட்டுகளும் தெரியும் கட்டத்தில் வேம்பு: 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அல்லது அசாடிராக்டின் 1500 பி.பி.எம். லிட்டருக்கு 5 மில்லி. இது உடனே கொல்லாது. தின்பதைக் குறைத்து, தோலுரிப்பதைக் கெடுக்கும். அதே கட்டத்தில் பி.டி. குர்ஸ்டாகி லிட்டருக்கு 2 கிராமும், ஈரப்பதம் நல்லபடி இருந்தால் மெட்டாரைசியம் ரைலி லிட்டருக்கு 5 கிராமும் பொருந்தும்.

இரண்டு, மூன்றாம் நிலைப் புழுக்கள் பரவி, சேதம் அளவைத் தாண்டிவிட்டால் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (18.5 சதவீத நீர்ம மருந்து) லிட்டருக்கு 0.4 மில்லி அல்லது ஸ்பினிடோரம் 11.7 எஸ்.சி. லிட்டருக்கு 0.5 மில்லி. முன்னது புழுவின் தசைகளை முடக்கும். சில மணி நேரத்தில் தின்பது நிற்கும், சாக இரண்டு மூன்று நாளாகும். பின்னது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் நொதிப்பில் கிடைத்த பொருளைத் திருத்தி உருவாக்கியது. நரம்பைத் தாக்கி விரைவாகக் கொல்லும். எமாமெக்டின் 5 எஸ்.ஜி. (5 சதவீதக் குருணை) லிட்டருக்கு 0.4 கிராம் மூன்றாவது தெரிவு. நோவலூரான் போன்ற வளர்ச்சித் தடுப்பான்கள் தோலுரிக்கவிடாமல் கொல்பவை. அவற்றைச் சின்னப் புழுவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கோல்போர் அளவுக்குப் பட்டியல் தருவார்கள். ஒரு பயிருக்கு, புழுவைக் கொல்லும் விதத்தில் வேறுபட்ட இரண்டு குழுக்களைச் சேர்ந்த மருந்துகளும் கொஞ்சம் வேம்பும் இருந்தால் போதும்.

வேப்பங்கொட்டைச் சாறு தயாரிப்பதில் எங்கே தவறு நடக்கிறது?

நூறு லிட்டர் கரைசலுக்குத் தோல் நீக்கிய பருப்பு 5 கிலோ. அதை இடித்து, அரைபடாத மணல் பதத்தில் தூளாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவிடுங்கள். காலையில் கலக்கி, இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, 100 கிராம் சோப்பைத் தனியே கரைத்துச் சேர்த்து அன்றைக்கே அடித்துவிட வேண்டும். கரைசல் பால் நிறத்தில் இருக்கும்.

தவறுகள் பெரும்பாலும் கொட்டையில்தான். மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொட்டையும், பல வருடம் கிடந்த கொட்டையும் சக்கையைத்தான் தரும். நிழலில் காய்ந்த, ஓராண்டுக்கு உட்பட்ட கொட்டையாக இருக்கட்டும். அடுத்தது, மாவாக அரைப்பது. எண்ணெய் கசிந்து கட்டியாகி நாசிலை அடைக்கும். மூன்றாவது, தண்ணீர். உப்புத் தண்ணீர், சவர்த் தண்ணீர் போன்ற காரத்தன்மை கூடிய நீரில் அசாடிராக்டின் வேகமாகச் சிதையும். பி.எச். காட்டும் தாளில் 7-க்கு மேல் போனால் சிறிது எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு 6-க்கும் 7-க்கும் இடையில் கொண்டுவாருங்கள். சோப்பைக் கடைசியில் அளவாகச் சேருங்கள், அதுவும் காரம்தான்.

வெயிலும் வேம்பை அழிக்கும். மாலையில் அடியுங்கள்.

பி.டி.யும் பூஞ்சையும் அடித்தேன், பலனே இல்லை. ஏன்?

பி.டி. புழுவின் மேல் பட்டுக் கொல்லாது. புழு அதைத் தின்ன வேண்டும். உள்ளே போன படிகப் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து குடல் சுவரைத் துளைக்கும். தின்பது சில மணி நேரத்தில் நிற்கும். சாவு இரண்டு மூன்று நாள் கழித்து. மறுநாள் காலை புழு அசைவதைப் பார்த்துவிட்டு ‘போலி மருந்து’ என்று முடிவு கட்டி வேறொன்றை அடிப்பவர்கள் ஏராளம். அசைகிறதா என்று பார்க்காதீர்கள், தின்கிறதா என்று பாருங்கள். புது எச்சம் இல்லையென்றால் மருந்து வேலை செய்கிறது.

சூரிய ஒளியில் பி.டி. சில நாட்களிலேயே வீரியம் இழக்கும். தகரக் கொட்டகையில் கோடை முழுக்க வைத்திருந்த பாக்கெட்டில் என்ன மிச்சம் இருக்கும் என்று சொல்ல முடியாது. பூஞ்சை மருந்துகள் உயிருள்ள வித்துகள். தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, ஒரு கிராமில் எத்தனை கோடி வித்துகள் என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் வித்து முளைக்காது. பூசணக்கொல்லி கலந்த டேங்கில் போட்டால் உங்கள் காசை நீங்களே கொன்றதாகிவிடும். மெட்டாரைசியம் ரைலியால் செத்த புழு விறைத்து, முதலில் வெள்ளையாகவும் பிறகு வெளிர்பச்சைத் தூள் பூத்தும் இலையில் ஒட்டியிருக்கும். அதைப் பொறுக்கி அழிக்க வேண்டாம். அடுத்த புழுவுக்கு நோய் பரப்புவது அதுதான்.

பி.டி. மருந்தும் பி.டி. மக்காச்சோளமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடலாம். முதலாவது வெளியே தெளிப்பது; இரண்டாவது செடியே அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு மாற்றப் பயிர், சில நாடுகளில் மட்டும் அனுமதி பெற்றது.

ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி? கணக்கு ஏன் எப்போதும் குழம்புகிறது?

லேபிளில் ஏக்கர் அல்லது ஹெக்டேர் கணக்கு இருக்கும். நாம் டேங்க் கணக்கில் ஊற்றுகிறோம். இடையில் எத்தனை டேங்க் இறங்கியது என்பதை யாரும் அளப்பதில்லை, குழப்பம் அங்கேதான்.

ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வயலில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் குறித்து, வெறும் தண்ணீரை எப்போதும் நடக்கும் வேகத்தில் அடியுங்கள். மீதமுள்ள தண்ணீரை அளந்து, செலவானதைக் கணக்கிடுங்கள். 5 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர். 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டரை டேங்க். குளோரான்ட்ரானிலிப்ரோல் ஏக்கருக்கு 80 மில்லி என்றால் டேங்குக்கு 6.4 மில்லி.

இப்போது செலவானது இரண்டரை லிட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 100 லிட்டர், ஆறேகால் டேங்க். லிட்டருக்கு 0.4 மில்லி என்று மனப்பாடமாக ஊற்றினால் ஏக்கருக்கு 40 மில்லிதான் போயிருக்கும், பாதி அளவு. இந்த அரைகுறை அளவுதான் சாகாத புழுவையும் நாளடைவில் எதிர்ப்புத்திறனையும் தருகிறது. மாறாக, பயத்தில் இரண்டு மூடி அதிகம் ஊற்றுவதால் பெரிய புழு சாவதில்லை; பொறிவண்டு சாகும்.

மூடியால் அளக்காதீர்கள். ஊசி போடும் சிரிஞ்சோ அளவுக் குவளையோ தனியாக வைத்து, அதில் ‘மருந்துக்கு மட்டும்’ என்று எழுதி, வீட்டுக்குள் கொண்டுபோகாமல் இருந்தால் போதும்.

குருத்துக்குள் மருந்து இறங்க எப்படி அடிப்பது?

புழு இருப்பது குருத்தின் குழலுக்குள். பகலில் அது இன்னும் ஆழமாக இறங்கிவிடும். இலை முழுவதையும் பளபளப்பாக நனைத்துவிட்டு நடுவை விட்டால் அடித்ததும் அடிக்காததும் ஒன்றே. கூம்பு நாசிலை வரிசைக்கு நேர் மேலே, குருத்திலிருந்து ஒரு சாண் ஒன்றரைச் சாண் உயரத்தில் கீழ்நோக்கிப் பிடித்து, ஒவ்வொரு செடி மேலும் ஒரு கணம் நிறுத்தி நகருங்கள். அடித்த பிறகு இரண்டு மூன்று செடிகளின் குருத்தை விரித்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள், கையுறையோடு. உள்ளே உலர்ந்திருந்தால் நடையை மெதுவாக்குங்கள்.

விசைத்தெளிப்பானில் புகைபோலப் பக்கவாட்டில் ஊதுவது நேரத்தை மிச்சப்படுத்தும். குருத்துக்குள் இறங்குவது குறைவு. பக்கத்து வயலுக்குத்தான் நிறையப் போகும்.

அதிகாலையும் மாலையும் நல்ல நேரம். மாலைதான் எங்கள் தெரிவு: புழு மேலே ஏறி வந்து தின்னும், வெயில் மருந்தை அழிக்காது, தேனீக்கள் திரும்பியிருக்கும். அடித்த கொஞ்ச நேரத்தில் மழை பெய்தால், எண்ணிப் பார்த்துவிட்டே மறுபடி அடிக்க வேண்டும். கனமழையே குருத்துகளில் நீர் நிரப்பிச் சின்னப் புழுக்களைக் கணிசமாகக் கொன்றிருக்கும்.

அடித்து ஆறு நாளாயிற்று. இன்னும் புதிய இலைகளில் ஓட்டை வருகிறதே?

மருந்து தோற்றதற்கு இது அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. இன்று விரியும் இலை, ஒரு வாரத்துக்கு முன்னால் குருத்துக்குள் சுருண்டிருந்தபோது கடிபட்டது. கடி பழையது, இப்போதுதான் வெளியே வருகிறது. ஓட்டையின் ஓரம் பழுப்பாகக் காய்ந்திருந்தால் பழைய கடி, பச்சையாக ஈரமாக இருந்தால் புதுக் கடி. அடித்த மூன்று நான்கு நாளில் 20 செடிகளின் குருத்தை விரித்து உயிருள்ள புழுக்களை எண்ணுங்கள். அடிப்பதற்கு முன்னும் அதேபோல் எண்ணி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

உயிருள்ள புழுக்கள் நிறைய இருந்தால், முதலில் அவை எந்த அளவு என்று பாருங்கள். எல்லாம் சின்னவை என்றால் புதிதாகப் பொரித்தவை. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, தாய் அந்துப்பூச்சி மறுபடி வந்திருக்கிறது. எல்லாம் பெரியவை என்றால் தாமதமாக அடித்தீர்கள், அல்லது குருத்தில் இறங்கவில்லை. எல்லா அளவும் கலந்து இருந்து, அளவும் நாசிலும் நேரமும் சரியாக இருந்திருந்தால் மட்டுமே மருந்தின் மீதோ எதிர்ப்புத்திறன் மீதோ சந்தேகப்படலாம்.

பெரிய புழு எச்சத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்வது?

ஒரு விரல்கணு அளவைத் தாண்டிய புழுவுக்கு எச்சமே கூரை. மருந்து மேலே நின்றுவிடும். சிறிய வயல் என்றால் கையால் எடுத்து நசுக்குவதற்கு இணை இல்லை. படைப்புழு தன் இனத்தையே தின்னும் என்பதால் குருத்துக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கும். வேலை நினைப்பதைவிடக் குறைவு. முதல் முப்பது நாளுக்குள் என்றால் ஒன்பது பங்கு உலர்ந்த மணலோடு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போடும் முறையும் உண்டு. அதிகம் போட்டால் குருத்து வேகும்.

தவிட்டில் வெல்லமும் மருந்தும் கலந்த நச்சு உணவு வைப்பதைச் சொல்வார்கள். வழக்கமாக அதில் சேர்ப்பது தையோடிகார்ப் என்ற கார்பமேட் மருந்து. அது ஆபத்துக் குறைந்த மருந்து அல்ல, இனிப்புத் தவிட்டை ஆடும் கோழியும் தேடி வரும். கால்நடை நடமாடும் இடத்தில் வேண்டாம்.

இரண்டு மருந்தைக் கலந்து அடித்தால் ஒரே நாளில் முடியுமே?

வேண்டாம். ஒரே குழு மருந்துகள் இரண்டைக் கலந்தால் காசு வீண். வேறு குழுக்களைக் கலந்தால் அடுத்த முறைக்கு வைத்திருந்த ஆயுதமும் இன்றே தீர்ந்தது.

போன முறை நன்றாகக் கேட்ட மருந்தையே மறுபடி அடிக்கலாமா?

ஒரே தலைமுறைக்குள் அடிக்கலாம், அடுத்த தலைமுறைக்குக் கூடாது. வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து அடுத்த அந்துப்பூச்சி வரை ஏறத்தாழ 30 நாள். முளைத்த முதல் 30 நாளில் குளோரான்ட்ரானிலிப்ரோல் அடித்திருந்தால், அடுத்த 30 நாளில் அந்தக் குழுவையே தொடாதீர்கள். விதை நேர்த்தியில் சயன்ட்ரானிலிப்ரோல் இருந்திருந்தால் அதுவும் அதே குழுதான். பெயர் வேறாக இருப்பதால் ஏமாறுகிறார்கள். லேபிளில் குழு எண் அச்சிட்டிருந்தால் அதைப் பாருங்கள்: குளோரான்ட்ரானிலிப்ரோல் 28, ஸ்பினோசாட், ஸ்பினிடோரம் 5, எமாமெக்டின் 6, நோவலூரான் 15, பி.டி. 11ஏ. வணிகப் பெயரை மாற்றுவது சுழற்சி ஆகாது. எண் மாற வேண்டும்.

படைப்புழுவுக்கு எதிர்ப்புத்திறன் வராது என்று நினைக்க வேண்டாம். பி.டி. மக்காச்சோளத்தின் கிரை1எஃப் புரதத்தை அது 2006-லேயே கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவில் வென்றுவிட்டது. பின்னால் அதே தீவின் புழுக்களில் குளோரான்ட்ரானிலிப்ரோலுக்கும் எதிர்ப்பு பதிவானது.

தண்டுத்துளைப்பானுக்கும் இதே மருந்துகள்தானா?

குளோரான்ட்ரானிலிப்ரோல் நன்றாகக் கேட்கும். ஆனால் தண்டுக்குள் போகும் முன். முட்டைகள் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இலையின் அடிப்புறம் நடுநரம்பை ஒட்டி இருக்கும். பொரித்த புழு சில நாள் குருத்தில் தின்றுவிட்டுத்தான் தண்டைத் துளைக்கும். ஆகவே முளைத்து இரண்டாம், மூன்றாம் வாரம்தான் காலம். முட்டையை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியான டிரைக்கோகிரம்மாவின் அட்டைகளைக் கட்டுவதும் அப்போதுதான். கட்டிய வாரத்தில் எந்த மருந்தையும் அடிக்காதீர்கள். மென்மையானது என்று பெயர் எடுத்த ஸ்பினோசாடும் ஈரமாக இருக்கும்போது அந்தக் குளவிக்கு எமன். அறுவடைக்குப் பிறகு தட்டையை வயலில் நிற்கவிட்டால் அடுத்த பருவத்துப் புழுவை அதற்குள்ளேயே சேமித்து வைப்பீர்கள்.

ஆண் பூங்கொத்தில் அசுவினி அப்பிக்கிடக்கிறது. அடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பொறிவண்டின் புழுக்கள் அங்கேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். கருப்பு ஆரஞ்சு நிறத்தில் முதலை வடிவத்தில் இருக்கும் அவற்றைப் பயிரைத் தின்னும் புழு என்று நினைத்து மருந்தடித்தவர்கள் உண்டு. மேலே சொன்ன புழு மருந்துகளில் பல அசுவினியைத் தொடாது. பைரித்ராய்டு என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லி வகையை அடித்த வயலில்தான் அசுவினி அடிக்கடி பெருகும், அதைத் தின்னும் கூட்டம் செத்துப்போவதால்.

கதிர் வந்த பிறகு?

ஆண் பூங்கொத்து வெளியே வரும்போது குருத்தில் ஒளிந்திருந்த புழு வெளியே தள்ளப்பட்டு, கதிரைத் தேடிப் போகும். அந்த ஓரிரு நாள் அது வெட்டவெளியில் இருக்கும். அடிக்க வேண்டுமானால் அப்போது. கதிரின் உறைக்குள் நுழைந்துவிட்டால் எந்த மருந்தும் போய்ச் சேராது. ஆள் உயரப் பயிருக்குள் தலைக்கு மேலே நாசிலைப் பிடித்து அடிப்பது அடிப்பவரின் முகத்தில்தான் விழும். தானியத்துக்கான பயிர் என்றால் விட்டுவிடுவதே மேல். இனிப்புச் சோளம், பிஞ்சுக்கதிர், பசுந்தீவனம் என்றால் அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு மருந்தை நிறுத்த வேண்டும் என்று லேபிளில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். தானியத்துக்கான இடைவெளி இவற்றுக்குப் பொருந்தாது.

தேனீ, பட்டுப்புழு, மீன் பக்கத்தில் இருந்தால்?

மக்காச்சோளத்தில் தேன் இல்லை, ஆனால் மகரந்தத்துக்காகத் தேனீ காலையில் வரும். ஸ்பினிடோரம் ஈரமாக உள்ளபோது தேனீக்கு நஞ்சு. உலர்ந்த பிறகு ஆபத்து வெகுவாகக் குறைகிறது. மாலையில் அடிக்கச் சொல்வது இதற்காகவும்தான். மல்பெரித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் புழுவே. பி.டி., குளோரான்ட்ரானிலிப்ரோல் இரண்டுமே அதைக் கொல்லும். சாரலாகப் பட்ட இலையே போதும். காற்று மல்பெரியை நோக்கி வீசும் நாளில் அடிக்கவே கூடாது. குளோரான்ட்ரானிலிப்ரோலும் நோவலூரானும் நீரில் வாழும் சிறு உயிர்களுக்கு, இறால் நண்டு இனங்களுக்கு, கடும் நஞ்சு. டேங்கைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள்.

இவ்வளவு மென்மையான மருந்துக்குக் கையுறை எதற்கு?

அடர்த்தியான மருந்தை அளந்து ஊற்றும் ஐந்து நிமிடம்தான் மிக ஆபத்தான நேரம். அப்போது நைட்ரில் கையுறையும் கண்ணாடியும் அவசியம். தெளிக்கும்போது முழுக்கைச் சட்டை, முழு நீளக் கால்சட்டை, பூட்ஸ், முகமூடி. மக்காச்சோள இலை கையைக் கீறும். கீறிய தோலில் மருந்து எளிதில் ஏறும். அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள், பழைய பல்துலக்கி ஒன்றை இதற்கென வைத்துக்கொள்ளுங்கள். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றி, டப்பாவின் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். அப்போதுதான் அது தண்ணீர்க் குடமாகத் திரும்பி வராது.

விதை நேர்த்தி செய்தால் தெளிக்கவே வேண்டாமா?

ஏறத்தாழ முதல் இரண்டு மூன்று வாரம் தப்பிக்கலாம். குருத்து ஈக்கும் உதவும். அதற்குப் பிறகு செடி வளர்ந்து மருந்து நீர்த்துவிடும். முளைத்த பதினைந்தாம் நாளிலிருந்து, நேர்த்தி செய்யாத வயலைப் போலவே 100 செடிகளை எண்ணத் தொடங்க வேண்டும். நேர்த்தி செய்து மிஞ்சிய விதையைக் கோழிக்குப் போடக் கூடாது. நிறம் ஏற்றியிருப்பது அதை எச்சரிக்கத்தான்.